நெடுஞ்சாலையும் நீளக் கணக்கும்

‘சாலைச் சொத்து நிர்வாகம்’ என்றொரு தொடர் இப்பொழுது அறிக்கைகளிலும் மேடைப் பேச்சுகளிலும் அடிக்கடி வருகிறது. சாலையைச் செலவாகக் கருதாமல் சொத்தாகக் கருத வேண்டும். அது கட்டப்பட்ட நாள் முதல் தேய்ந்து மாற்றப்படும் நாள் வரையில் அதன் நிலையை அறிந்து, எங்கே எப்பொழுது எவ்வளவு செலவிட்டால் ஆயுள் நீளும் என்று கணக்கிட்டு நடத்த வேண்டும் என்பது அதன் பொருள். கருத்து நல்லதே. ஆனால் ஒரு கருத்தை மதிப்பிட அதன் சொல்லழகு போதாது. அது எந்தக் கணக்கின்மேல் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். சொத்து என்றால் பட்டியல் வேண்டும். பட்டியலில் எதை எழுதுகிறோம், எதை விடுகிறோம் என்பதில் நிர்வாகத்தின் குணம் வெளிப்படும். நம் நாட்டில் சாலைக்குப் பணம் பகிரும் கணக்கு முதலில் கேட்பது நீளத்தை. அந்தச் சாலையின்மேல் ஏறும் சுமையையும், அதன் ஓரத்தில் ஓடும் நீரையும், அதில் நடக்கும் மனிதரையும் அது பின்னால் தள்ளிவிடுகிறது. பயணம் பெருகிவரும் இந்நாளில் இக்குறை எங்கே கொண்டுபோய் விடும் என்பதே இங்கு ஆராயத்தக்கது.

தங்காக்கை எடுத்துக்கொள்வோம். 2008-ஆம் ஆண்டில் மூவாரிலிருந்து பிரிந்து லேடாங் என்ற பெயரில் தனி மாவட்டமாகி, பின்னர் தங்காக் என்றே பெயர் பெற்ற மாவட்டத்தின் தலைநகர் இது. துணிக்கடைகளுக்குப் பெயர் பெற்ற சிற்றூர்தான். ஆயினும் சாலை இலக்கணத்தின் நான்கு வகைகளையும் இங்கே ஒருசேரக் காணலாம். முதலாவது, வடக்கு-தெற்கு விரைவுச் சாலை. வடக்கிலிருந்து மூவாருக்குச் செல்வோர் பலர் நம் ஊர்ச் சுங்கச் சாவடியில்தான் இறங்குகின்றனர். இரண்டாவது, மூவாரிலிருந்து தங்காக், சாகில், ஜெமெந்தா வழியாகச் சிகாமட்டுக்குப் போகும் கூட்டரசுச் சாலை 23. மூன்றாவது, மாநில அரசின் சாலைகள். கிலோமீட்டர்க் கல்லில் ஜே என்ற எழுத்து இருக்கும். நான்காவது, தோட்டத்துச் செம்மண் ரோடு. ஒரே லாரி ஒரே நாளில் இந்த நான்கிலும் ஓடுகிறது. லாரிக்குச் சாலை ஒன்றுதான். பணம் கொடுப்பவருக்கோ அது நான்கு.

இரண்டாவது வகைக்குக் கூட்டரசாங்கம் நேரே செலவு செய்கிறது. பொதுப்பணித் துறை அதன் மேற்பரப்பைக் கருவி கொண்டு அளக்கவும் செய்கிறது. மூன்றாவது வகைக்கு வழிவகுப்பது நம் அரசியலமைப்புச் சட்டமே. அதன் 109-ஆம் பிரிவும் பத்தாம் அட்டவணையும் மாநிலச் சாலை மானியத்தைப் பற்றிப் பேசுகின்றன. இலக்கியப் பகுதியைப் படிக்கும் மாணவனுக்கு, சொல்லுக்குச் சொல் நின்று பொருள் காணும்படி நாம் கற்பிக்கிறோம் அல்லவா? அந்தப் பழக்கத்தை இந்த அட்டவணைக்கும் பயன்படுத்திப் பார்க்கலாம். சட்டம் கூறும் கணக்கு ஒரு பெருக்கல் கணக்கு. தீபகற்ப மாநிலங்களுக்குரிய குறைந்தபட்சத் தரத்தில் ஒரு மைல் சாலையைப் பேண ஆகும் சராசரிச் செலவு ஒரு புறம். மானியத்துக்குத் தகுதியுள்ள சாலைகளின் மைல் எண்ணிக்கை மறு புறம். இரண்டையும் பெருக்கினால் வருவது மானியம். இன்று மைல் கிலோமீட்டராயிற்று. மாரிஸ் என்னும் பதிவேடு வந்து சாலைகளின் விவரங்களைத் தொகுத்து வைக்கிறது. பெருக்கலின் உயிர் மட்டும் மாறவில்லை.

இதில் மூன்று சொற்களைக் கவனிக்க வேண்டும். ‘குறைந்தபட்சம்’ என்பது ஒன்று. ‘சராசரி’ என்பது மற்றொன்று. சராசரி என்பது நல்ல சாலைக்கும் கெட்ட சாலைக்கும் நடுவில் நிற்கும் கற்பனைச் சாலை. அதில் யாரும் வண்டி ஓட்டுவதில்லை. மூன்றாவது மிகவும் முக்கியமானது. பேணுதல் என்றால் என்ன என்று அதே அட்டவணை விளக்கம் தருகிறது. சாலையையும் அதன் பாலங்களையும் மதகுகளையும் ஓரத்துச் சாதனங்களையும், கட்டியபோதோ பின்னர்ச் சீர்திருத்தியபோதோ இருந்த நிலையில், இயன்ற அளவு அப்படியே வைத்திருத்தல் என்று அது பொருள் கூறுகிறது. சுதந்திரம் பெற்ற காலத்தில் இது நல்ல விளக்கமே. மதகையும் பாலத்தையும் மறவாமல் சேர்த்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் ‘இருந்த நிலை’ என்ற இலக்கு, சாலையின்மேல் ஏறுவது மாறாமல் இருந்தால்தான் போதுமானதாகும். ஏறுவது மாறிவிட்டது.

எப்படி மாறியது என்பதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு எளிதில் விளக்கலாம். பால்மரம் நின்ற காலத்தில் ஒரு ஹெக்டரிலிருந்து ஆண்டுக்குக் கிடைத்த காய்ந்த ரப்பர் ஏறத்தாழ ஒன்றரை டன். பாலாகவே ஏற்றிச் சென்றாலும் நான்கைந்து டன்னுக்கு மேல் போகாது. அதே நிலத்தில் செம்பனை நட்டபின் வெட்டப்படும் பழக்குலை ஆண்டுக்குப் பதினைந்து முதல் இருபது டன். அறுபதுகளிலிருந்து தோட்டம் தோட்டமாக மரம் மாறியபோது, மண் அதே மண், ரோடு அதே ரோடு. அதன்மேல் சென்ற எடை மட்டும் மூன்று நான்கு மடங்காயிற்று. காய்ந்த ரப்பர்த் தகட்டோடு ஒப்பிட்டால் பத்து மடங்குக்கும் மேல். மேலும் ரப்பர்த் தகட்டை மழை விடும்வரை கிடங்கில் வைக்கலாம். பழக்குலையை வைக்க முடியாது. வெட்டிய ஒரு நாளுக்குள் ஆலைக்குச் சேராவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். ஆகவே ரோடு ஊறிக் கிடக்கும் மழை நாளிலும் லாரி போயே ஆக வேண்டும். ‘பயணத் தேவை’ என்று புத்தகங்கள் சொல்வதை நாம் விடுமுறை நாள் கார் வரிசை என்றே எண்ணிக்கொள்கிறோம். பயிர் மாறினாலும் பயணத் தேவை மாறும். இதைச் சாலைப் பட்டியல் எங்கும் குறித்துவைக்கவில்லை.

எடையைப் பற்றி இன்னும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சாலை இயலின் மையமே அது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஒட்டாவா என்னும் ஊருக்கருகில் 1958 முதல் 1960 வரை ஒரு பெரிய சோதனை நடந்தது. பல கனத்தில் போட்ட சோதனைச் சாலைச் சுற்றுகளில், இராணுவ வீரர்கள் லாரிகளை இரவும் பகலும் ஓட்டினார்கள். 11 லட்சத்து 14 ஆயிரம் அச்சுச் சுமைகள் அச்சாலைகளின்மேல் ஏறி இறங்கின. சாலை எப்படிப் பழுதாகிறது என்பதைப் படிப்படியாக அளந்து குறித்தனர். அதிலிருந்து பிறந்ததுதான் நான்காம் அடுக்கு விதி. அச்சின் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு நேரும் சேதம் இரண்டு மடங்கு அன்று. இரண்டை நான்கு முறை பெருக்கிய பதினாறு மடங்கு. ஒரு காரின் அச்சு அரை டன் என்றும், ஏற்றிய லாரியின் அச்சு பத்து டன் என்றும் கொள்வோம். இருபது மடங்கு எடை. இருபதை நான்கு முறை பெருக்கினால் 1,60,000. அந்த லாரியின் ஓர் அச்சு செய்யும் சேதத்தைச் செய்ய ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட கார் அச்சுகள் வேண்டும். ஆறாம் வகுப்புப் பையன் கையாலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு இது.

அந்தச் சோதனை நடந்த இடம் பனி உறையும் குளிர்நாடு; மண்ணும் வேறு. நம் மழைநாட்டுக்கு அந்த எண் அப்படியே பொருந்திவிடும் என்று பொறியியலாளர் எவரும் கூறமாட்டார். அடுக்கு நான்கா, சற்றுக் கூடுதலா, குறைவா என்பது சாலையின் அமைப்பையும் பழுதின் வகையையும் பொறுத்தது. ஆனால் விதியின் போக்கில் ஐயமில்லை. அனுமதித்த சுமைக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக ஏற்றினால் சேதம் இரட்டிப்பாகிறது. ஒன்றரை மடங்கு ஏற்றினால் ஐந்து மடங்காகிறது. இருபது ஆண்டு ஆயுள் என்று போட்ட சாலை பத்தாண்டில் பிளக்கும்போது நாம் ஒப்பந்தக்காரரைத் திட்டுகிறோம், தாரைத் திட்டுகிறோம். சில வேளைகளில் அது நியாயமாகவும் இருக்கும். ஆனால் தராசு எங்கே என்று கேட்பவர் குறைவு.

தராசு இல்லாததன் விலை சாலையோடு நிற்பதில்லை. 2025-ஆம் ஆண்டு மே 13-ஆம் தேதி தெலுக் இந்தானில் கல் ஏற்றிவந்த லாரி ஒன்று கலகத் தடுப்புப் போலீசாரின் வண்டியில் மோதியதில் ஒன்பது பேர் மாண்டனர். அதன் பின்னர்தான் அளவுக்கு மீறிய சுமையைப் பற்றி நாடு முழுவதும் பேச்செழுந்தது. கூட்டரசுச் சாலைகளில் எடைக் கட்டுப்பாட்டு ஆணை 1989-ஆம் ஆண்டு முதல் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படிக்க வேண்டும். வண்டி ஓடும்போதே எடை காணும் கருவிகளைப் பொருத்தப் போவதாக இப்பொழுது கூறப்படுகிறது. வரவேற்கத்தக்கதே. ஆனால் அக்கருவியைத் தண்டம் வசூலிக்கும் பொறியாக மட்டும் வைத்தால் பாதிப் பயன்தான் கிடைக்கும். எந்தச் சாலையில் மாதத்துக்கு எத்தனை அச்சு, எவ்வளவு எடையில் சென்றது என்ற கணக்கு சாலைப் பட்டியலுக்கும் போய்ச் சேர வேண்டும். பத்தாம் அட்டவணையின் பெருக்கலில் ‘சராசரி’ என்று இருக்கும் இடத்தில் வைக்கத்தக்க எண் அதுதான்.

எடைக்கு அடுத்த பகை நீர். தார்ச் சாலை மேலே கருப்பாகத் தெரிந்தாலும் சுமையைத் தாங்குவது கீழே இருக்கும் கல்லும் மண்ணும். அந்த மண் காய்ந்திருக்கும்போது பாறை, ஊறினால் சேறு. மேற்பரப்பில் ஒரு கீறல் விழுகிறது; மழை நீர் இறங்குகிறது; லாரியின் சக்கரம் அழுத்தும்போது அந்த நீர் மண்ணைக் கரைத்துக்கொண்டு மேலே பீறிடுகிறது. பிறகு குழி விழ ஒரு வாரம் போதும். 2006-07, 2011, 2023 ஆகிய ஆண்டுகளில் சிகாமட் வட்டாரம் வெள்ளத்தில் மூழ்கியதைக் கண்டவர்களுக்கு, நீர் வடிந்த சில மாதங்களுக்குப் பின் சாலைகள் அங்கங்கே அமுங்கியது நினைவிருக்கும். வெள்ளம்கூட வேண்டியதில்லை. ஓரத்துக் கால்வாயில் புல் அடைத்துக்கொண்டால் போதும்.

அண்மைக் காலமாக ரப்பர்க் கட்டிப்பாலைத் தாரோடு கலந்து சாலை போடுகிறார்கள். ரப்பர் வாரியமும் பொதுப்பணித் துறையும் இம்முயற்சியில் ஈடுபட்டுள்ளன. கலவைத் தார் சக்கரத் தடம் பதியாமல் நெடுநாள் உழைக்கும் என்கிறார்கள். நம் பெற்றோர் கோப்பை கோப்பையாகச் சேர்த்த கட்டிப்பால் சாலையாகிறது என்பதில் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. ஆனால் அடைத்த கால்வாய்க்கு அருகில் எந்தத் தாரைப் போட்டாலும் முடிவு ஒன்றே.

கால்வாயைத் திறந்து வைப்பது பெரிய பொறியியல் அன்று, மண்வெட்டி வேலை. முன்னாளில் பொது மராமத்து இலாகாவில் அந்த வேலையைச் செய்தவர்களில் பெரும்பாலோர் நம்மவர்கள். மராமத்து லயனில் குடியிருந்து, ஒரு தண்டலின் கீழ் கும்பலாகச் சென்று, புல் வெட்டிக் கால்வாய் தூர்த்தெடுத்துக் குழிக்குக் கல்லடித்து ஒட்டுப் போட்டார்கள். அவர்களுடைய கூலியும் குடியிருப்பும் எவ்வளவு இழிவான நிலையில் இருந்தன என்பதை மறைத்து அந்தக் காலத்தைப் புகழ்வது தவறு. ஆனால் அம்முறையில் ஒரு நன்மை இருந்தது. அந்தத் துண்டுச் சாலையை ஒவ்வொரு வாரமும் ஒரு மனிதன் கண்ணால் பார்த்தான். எந்த மதகில் எந்த மழைக்கு நீர் தேங்கும் என்பது அவனுக்குத் தெரியும். அவனுடைய அறிவு எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. அவன் ஓய்வு பெற்றதும் அது போய்விட்டது. 2001 முதல் கூட்டரசுச் சாலைகளின் பராமரிப்பு தனியார் நிறுவனங்களிடம் ஒப்பந்தமாக விடப்பட்டுள்ளது. ஒப்பந்தம் எழுதியதைச் செய்யும். எழுதாததை யார் காண்பது?

ஆள் வைத்துப் பார்ப்பது பழைய காலத்து முறை, வீண் செலவு என்று தள்ளுவோர் தமிழ்நாட்டில் நடந்ததைச் சற்று எண்ணிப் பார்க்கலாம். அங்கே 1997-இல் நெடுஞ்சாலைத் துறையில் சுமார் 10,000 சாலைப் பணியாளர்கள் அமர்த்தப்பட்டனர். குழி அடைப்பதும், சாலை ஓரத்தைச் செம்மைப்படுத்துவதும், மரங்களைக் காப்பதும் அவர்கள் வேலை. 2002 செப்டம்பரில், ஆட்சி மாறிய பிறகு, செலவைக் காரணம் காட்டி அனைவரும் ஒரே ஆணையில் நீக்கப்பட்டனர். 2006 பிப்ரவரியில் மீண்டும் சேர்க்கப்பட்டனர். இடைப்பட்ட 41 மாதங்களைப் பணிக்காலமாகக் கொள்ள வேண்டும் என்று அவர்கள் அதன்பின் ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். இது ஒரு தொழிற்சங்க வழக்காகவே பேசப்பட்டது. சாலை வழக்காக எவரும் பேசவில்லை. சொத்தைப் பேணுவோரைச் சொத்தின் கணக்கில் சேர்க்காமல் சம்பளச் செலவின் கணக்கில் மட்டும் எழுதினால், சிக்கனம் தேவைப்படும் ஆண்டில் முதலில் அடிபடுவது அந்த வரிதான். அங்கு நடந்தது இங்கு வேறு உருவில் நடக்கிறது.

இந்தச் சிக்கனம் எப்படிப்பட்டது என்பதற்கு உலக வங்கி 1994-ஆம் ஆண்டு அறிக்கையில் ஒரு கணக்குத் தந்தது. ஆப்பிரிக்க நாடுகளில் அதற்கு முந்தைய பத்தாண்டுகளில் உரிய காலத்தில் 1,200 கோடி டாலர் பராமரிப்புக்குச் செலவிட்டிருந்தால், சாலைகளைத் திரும்பக் கட்ட ஆகும் 4,500 கோடி டாலர் மிச்சமாகியிருக்கும் என்பது அது. ஒன்றைச் செலவிடாததால் ஏறத்தாழ நான்கு போயிற்று. இருந்தும் நாடுகள் ஏன் இப்படிச் செய்கின்றன? புதுச் சாலைக்குத் திறப்பு விழா உண்டு. துப்புரவு செய்த கால்வாய்க்கு நாடா வெட்ட யாரும் வருவதில்லை. இதைவிட ஆழமான காரணம் வேண்டியதில்லை என்பது என் கருத்து.

இனி அகலப்படுத்தலுக்கு வருவோம். 2023 முடிவில் நம் நாட்டில் பதிவான வாகனங்கள் 3 கோடி 60 லட்சத்தைத் தாண்டிவிட்டன. மக்கள்தொகையை மிஞ்சிவிட்ட எண். பண்டிகை நாள்களில் விரைவுச் சாலைகளில் ஒரு நாளைக்கு 20 லட்சம் வண்டிகள் என்று முன்னறிவிப்பு வருகிறது. ஜொகூரில் விரைவுச் சாலையின் சில பகுதிகளை நான்கு தடத்திலிருந்து ஆறு தடமாக்கும் வேலைக்கு 2024-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்திலேயே இடம் தரப்பட்டது. வேண்டாம் என்று கூற நான் வரவில்லை. நெரிசலில் மணிக்கணக்கில் நின்றவர்களுக்கு அந்தத் துன்பம் தெரியும். ஆனால் 1962-லேயே அந்தோனி டவுன்ஸ் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு விதியை எடுத்துக்காட்டினார். விரைவுச் சாலையில் இடம் பெருகினால், வேறு வழியில் சென்றவர் இதற்கு வருவார்; வேறு நேரத்தில் சென்றவர் அந்த நேரத்துக்கே வருவார்; பேருந்திலும் ரயிலிலும் சென்றவர் காருக்கு மாறுவார். மூன்று கூட்டமும் சேர்ந்து இடம் பழையபடி நிறைந்துவிடும். நகரத்துச் சாலைகளுக்குச் சொன்ன விதி நெடுந்தொலைவுச் சாலைக்கு முழுவதும் பொருந்தாது. ஆனாலும் அகலப்படுத்தல் பயணத் தேவைக்கு விடை அளிப்பதோடு நிற்காமல் புதுத் தேவையையும் பிறப்பிக்கிறது. பெருகிய வண்டிகள் சுங்கச் சாவடியைத் தாண்டி எங்கே இறங்குகின்றன? தங்காக்கில் இறங்குபவை கூட்டரசுச் சாலை 23-இல்தான் சேர்கின்றன. அகலப்படுத்தலின் கணக்கு சாவடியோடு முடிகிறது; அதன் விளைவு முடிவதில்லை.

விரைவுச் சாலையைப் பற்றிப் பேசும்போது நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். 1994 செப்டம்பர் 8-ஆம் தேதி அதிகாரபூர்வமாகத் திறக்கப்பட்ட 772 கிலோமீட்டர்ச் சாலை, நம் நாட்டில் ஒழுங்காகப் பேணப்படும் சாலைகளில் ஒன்று. காரணம், பேண வேண்டிய தரம் ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. சுங்கப் பணம் அதற்கென்று வருகிறது. ஆனால் அந்த ஒப்பந்தத்தின் காலக் கணக்கு விசித்திரமானது. 1988-இல் முப்பது ஆண்டுக்கு என்று தொடங்கியது, நீட்டிக்கப்பட்டு நீட்டிக்கப்பட்டு, 2020-இல் சுங்கத்தை 18 சதவீதம் குறைத்ததற்கு ஈடாக 2058 வரை சென்றிருக்கிறது. 2020-இல் முதலாம் வகுப்பில் சேர்ந்த ஏழு வயதுப் பிள்ளைக்கு அப்போது வயது 45. இன்று நம் பையில் மிச்சமாகும் சில்லறையை அவன் தன் நடுவயதில் கட்டுவான். சொத்து நிர்வாகம் என்பது தலைமுறைகளுக்கிடையே உள்ள கணக்கு என்றால், அதை மக்கள் முன் விரித்து வைத்துக் கேட்டிருக்க வேண்டும். குறைப்பு முன்பக்கச் செய்தியாயிற்று. நீட்டிப்பு அதன் கடைசிப் பத்தியில் இடம் பெற்றது.

இதில் இன்னொரு செய்தி உண்டு. 2011-இல் அந்த நிறுவனத்தை முழுவதும் வாங்கியபோது, அதில் 49 சதவீதப் பங்கை எடுத்தது ஊழியர் சேமநிதி வாரியம். எனவே மாதந்தோறும் சேமநிதிக்குப் பணம் செலுத்தும் தோட்டத் தொழிலாளரும், ஆசிரியரும், கடைச் சிப்பந்தியும் அந்தச் சாலையின் சிறு பங்காளிகளே. சுங்கம் கட்டும்போது கசக்கிறது. ஆண்டு முடிவில் ஈவுத்தொகை வரும்போது இனிக்கிறது. இரண்டும் ஒரே சாலையிலிருந்து வருகின்றன என்பதை நம் சங்கங்கள் ஒரு கூட்டத்திலாவது விளக்கியிருக்கின்றனவா?

பட்டியலில் விடுபடும் பொருள் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் போதும் என்பதற்கு ஒரு துயர நிகழ்ச்சியைக் கூற வேண்டியிருக்கிறது. 2025 ஜூன் 9-ஆம் தேதி அதிகாலையில், திரெங்கானுவின் ஜெர்த்தேயிலிருந்து தஞ்சோங் மாலிமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த சுல்தான் இத்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழக மாணவர்களின் பேருந்து, கெரிக் அருகே கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலையில் விபத்துக்குள்ளாயிற்று. பதினைந்து மாணவர்கள் மாண்டனர். 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கிய நிலையம் அது. இறந்தவர்களில் வகுப்பறைக்குச் செல்லவிருந்தவர் எத்தனை பேரோ! பேருந்தின் வேகத்தோடு சாலையோரத் தடுப்புக் கம்பியின் குறையையும் விசாரணை எடுத்துக்காட்டியது. தடுத்துத் திருப்ப வேண்டிய கம்பியே கேடு விளைவித்தது. அந்தச் சாலை 1982 முதல் இருக்கிறது. அதன் நீளம் எல்லாப் பட்டியலிலும் உண்டு. கம்பியின் ஆணி சரியாக இருக்கிறதா, கம்பத்தின் அடிமண் உறுதியாக இருக்கிறதா என்பதைக் கிலோமீட்டர்க் கணக்குக் கூறாது. முதுகில் பை சுமந்த பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றிவிடும் எவருக்கும் இது வெறும் பொறியியல் நுட்பமாகத் தோன்றாது.

2003 நவம்பர் 26-இல் புக்கிட் லாஞ்சானில் பாறை சரிந்து விரைவுச் சாலை ஏறக்குறைய ஆறு மாதம் மூடப்பட்டபோது, மலைச்சரிவும் சாலையின் ஓர் உறுப்பே என்று எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். இப்பொழுது சரிவுகளுக்குத் தனிப் பதிவேடுகள் உண்டு. அப்படியே தடுப்புக் கம்பிக்கும், மதகுக்கும், வடிகாலுக்கும் வரவேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு விபத்து நேர்ந்து கற்றுக்கொள்ள வேண்டும் என்றால் விலை அதிகம்.

கடைசியாக நான்காவது வகை. தோட்டத்து ரோடு தனியார் உடைமை. ஆகவே மாநிலச் சாலை மானியத்தின் பெருக்கலில் அதன் ஒரு கஜமும் சேராது. நிருவாகம் தன் லாரிக்குத் தேவையான அளவுக்குச் செம்மண் கொட்டிச் சமப்படுத்தும். லாரி அறுவடை வட்டத்துக்குப் போய்விட்டால் லயன் பக்கத்து ரோடு அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்கும். சட்டப்படி இதில் குற்றமில்லை. ஆயினும் அந்த ரோட்டில் பள்ளிப் பேருந்து செல்கிறது, நோயாளியை ஏற்றிய கார் செல்கிறது, தபால்காரர் செல்கிறார். பயன்பாடு பொது, உடைமை தனியார் என்ற இந்த நிலைக்குப் பட்டியலில் ஒரு பத்தி வேண்டும். தோட்டத்து ரோடுகள் அனைத்தையும் அரசாங்கம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பது நடவாத காரியம். அது தோட்ட முதலாளிகளுக்கு இலவசமாக ரோடு போட்டுக் கொடுப்பதாகவும் முடியும். பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் செல்லும் பகுதியை மட்டும் பிரித்து எழுதலாம். அதில் செல்லும் எடைக்கேற்ப நிருவாகம் ஒரு பங்கும், மாவட்டம் ஒரு பங்கும் ஏற்கலாம். எடை காணும் கருவி ஆலை வாயிலில் ஏற்கெனவே இருக்கிறது. பழக்குலைக்குப் பணம் கணக்கிட ஒவ்வொரு லாரியையும் அங்கே நிறுத்துகிறார்கள். அந்தச் சீட்டின் ஒரு நகல் சாலைக் கணக்குக்கு வந்தால் போதும்.

எல்லாவற்றிலும் மோசமானது சந்தி. செம்மண் ரோடு கூட்டரசுச் சாலையில் வந்து சேரும் இடத்தில் ஒரு மதகு இருக்கும். அதன் ஒரு பாதி சாலை ஒதுக்கு நிலத்தில். மறு பாதி தோட்டத்து எல்லைக்குள். தோட்டத்திலிருந்து வரும் லாரி சக்கரத்தில் ஒட்டிய சேற்றைத் தார்ச் சாலையில் இழுத்துக்கொண்டு வருகிறது. மழையில் அது வழுக்குகிறது. பிள்ளைகள் பேருந்துக்கு நிற்பதும் அங்கேதான். எனக்குத் தெரிந்த ஒரு சந்தியில் மதகின் விளிம்பு உடைந்தபோது, அது எங்களுடையது அன்று என்று ஓர் அலுவலகமும், எங்களுடையது பாதிதான் என்று ஒரு நிருவாகமும் கூறின. இரண்டு பதிலும் அவரவர் பட்டியலின்படி சரியானவை. பெற்றோர் மூங்கில் கழி நட்டுச் சிவப்புத் துணி கட்டி வைத்தார்கள். நாட்டின் சாலைப் பட்டியலில் அந்த மதகுக்கு இன்னும் எண் இல்லை. அதன் நீளம் பன்னிரண்டு அடி.